எல்எல்விஎம் ஐஆர் எல்லா மொழிக்கும் எல்லா ப்ராசஸருக்கும் பொதுவான இடைநிலை மொழிதானா?

இல்லை. எல்எல்விஎம் என்பது பல மொழிகளின் கம்பைலர்கள் (எழுதிய கோடை ப்ராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் ப்ரோகிராம்கள்) பகிர்ந்துகொள்ளும் கருவித் தொகுப்பு; ஐஆர் அதற்குள் இருக்கும் இடைநிலை மொழி. கம்பைலர் பாடத்தில் அதைப் பொது மொழி என்றுதான் சொல்லித் தருகிறார்கள். பரீட்சைக்கு அது போதும்.

ஆசை பழையது. பத்து மொழி, பத்து ப்ராசஸர் என்றால் நூறு கம்பைலர் வேண்டும். நடுவில் பொதுவாக ஒரு மொழியை வைத்துவிட்டால் இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து, இருபதோடு வேலை முடிந்தது. 1958லேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார்கள். ஐபிஎம் கணினி வைத்திருந்தவர்களின் ஷேர் அமைப்பில் ஒரு குழு, அன்கால் என்ற பெயரில் இதை முன்மொழிந்தது. அதே ஆண்டு கணினி விஞ்ஞானி மெல்வின் கான்வேயும் அதற்கு ஒரு வடிவம் எழுதினார். அன்காலை யாரும் முழுமையாக வரையறுக்கவே இல்லை.

எல்எல்விஎம்முக்கு வருவோம். இலினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும் விக்ரம் அத்வேயும் தொடங்கியது. சி, சி++, ரஸ்ட், ஸ்விஃப்ட், ஜூலியா என்று பலரும் அதன் மேல் நிற்பதால் அன்கால் கனவு பலித்துவிட்டது போலத் தோன்றும். ஒரு சி ஃபைலை லினக்ஸில் 32 பிட்டுக்கு ஒருமுறை, 64 பிட்டுக்கு ஒருமுறை கம்பைல் செய்து இரண்டு ஐஆரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாங் என்ற முழு எண் வகை ஒன்றில் 32 பிட், இன்னொன்றில் 64. சைஸ்ஆஃப் (ஒன்று எத்தனை பைட் என்று கேட்பது) எல்லாம் ஏற்கெனவே எண்ணாக மாறியிருக்கும். ஸ்ட்ரக்டை (பல மதிப்புகளின் தொகுப்பை) ஃபங்ஷனுக்கு எப்படி அனுப்புவது என்பதைக்கூட முன்பகுதியே (மொழியை ஐஆராக மாற்றும் பகுதி) அந்தந்த ப்ராசஸருக்கு ஏற்ப முடிவு செய்திருக்கும். ஆப்பிள் வாட்ச் 2018இல் 64 பிட் சிப்புக்கு மாறியபோது, பிட்கோடாக (ஐஆரின் பைனரி வடிவம்) கொடுத்திருந்த பழைய ஆப்களை ஆப்பிளே புது சிப்புக்குக் கம்பைல் செய்துகொண்டது. சிப்தான் 64 பிட்; பாயிண்டரை (நினைவக முகவரியை) 32 பிட்டாகவே வைத்திருந்தார்கள். அதை மாற்றியிருந்தால் இந்த வித்தை நடந்திருக்காது.

இதையாவது சமாளிக்கலாம். மொழிப் பக்கத்துச் சிக்கல்தான் என்னைப் பொறுத்தவரை பெரியது. அப்போதைய சி++ தரநிலைப்படி, வெளியே எந்த விளைவும் இல்லாத ஒரு லூப் எப்போதாவது முடிந்தே தீரும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம். கோடை வேகமாக்கும் பகுதியான எல்எல்விஎம் ஆப்டிமைசர் அதை எல்லா மொழிக்கும் பொதுவான உண்மையாகவே வைத்திருந்தது. ரஸ்டில் முடிவில்லாத வெற்று லூப் எழுதுவது முழுக்கச் சட்டபூர்வம். அங்கேயே சுற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆப்டிமைசரோ சில இடங்களில் லூப்பையே தூக்கிவிட்டது. அதன்பின் ப்ரோகிராம் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது, அதுவும் பாதுகாப்பானது என்று ரஸ்ட் உத்தரவாதம் தரும் கோடில்! பல வருடம் இழுத்து, 2021இல் வந்த எல்எல்விஎம் 12இல்தான் தீர்ந்தது: 'இந்த லூப் முடியும்' என்ற அனுமானம் வேண்டுமென்றால் முன்பகுதியே அதைக் குறித்துச் சொல்ல வேண்டும் என்று ஆக்கினார்கள். இரண்டு பாயிண்டர்கள் ஒரே இடத்தைக் காட்டாது என்ற குறிப்பிலும் இதே கதை. சியில் அது அரிது. ரஸ்ட் அதை எங்கும் போட ஆரம்பித்ததும், அதுவரை யார் கண்ணிலும் படாத எல்எல்விஎம் பிழைகள் வரிசையாக வெளியே வந்தன. பொது மொழி என்று வைத்தாலும், முதலில் குடிவந்த மொழியின் பழக்கம் அதற்குள் இருக்கத்தான் செய்கிறது.

ஓரளவு ஜெயித்தவை ஏதாவது ஒரு பக்கத்தைக் குறுக்கிக்கொண்டவை. ஜாவாவின் இடைநிலை மொழியான பைட்கோடு முதலில் ஒரே மொழிக்காகச் செய்யப்பட்டது. எல்எல்விஎம் பிட்கோடையே கொஞ்சம் வெட்டிப் பிரவுசருக்குள் கொண்டுவர கூகுள் 2013இல் பிநாக்கல் என்று ஒன்றை விட்டது. 2017இல் அதைக் கைவிட்டு, பிரவுசர்களுக்கான பொது இடைநிலை மொழியான வெப்அசெம்ப்ளிக்கு மாறியது. வெப்அசெம்ப்ளி முகவரி 32 பிட், லிட்டில் எண்டியன் (எண்ணின் சிறிய பைட் முதலில் வரும் முறை) என்று ஆரம்பத்திலேயே அடித்துச் சொல்லிவிட்டது. ஆனால் கார்பேஜ் கலெக்டர் (வேண்டாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் வசதி) உள்ள மொழிகள் வெகுகாலம் தங்கள் கலெக்டரையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. குரோமில் அதற்கான வசதி 2023இல்தான் வந்தது.

சொந்தமாக ஒரு மொழி எழுதப் போகிறீர்கள் என்றால், நேராக எல்எல்விஎம்முக்கு இறங்காதீர்கள். ரஸ்டுக்கு எம்ஐஆர், ஸ்விஃப்டுக்கு எஸ்ஐஎல் என்று நடுவில் இன்னொன்று இருப்பது சும்மா இல்லை. ரஸ்டின் பாரோ செக்கர் (நினைவகத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துகிறோமா என்று பார்க்கும் சோதனை) ஓடுவதே எம்ஐஆரில்தான். உங்கள் மொழிக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களை அப்படி ஒரு சின்ன ஐஆரில் முடித்துவிட்டு, அப்புறம் கீழே அனுப்புங்கள்.