மூட்டை வேறு, கம்பி வேறு

கேள்வி: எனக்கு வயது 22. அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை சுமக்கிறேன். 40 கிலோ மூட்டை எனக்கு ஒரு பொருட்டே இல்லை. பளுதூக்குதல் கற்கச் சேர்ந்து மூன்று வாரமாகிறது. பயிற்சியாளர் இன்னும் எடை மாட்டும் இரும்புக் கம்பியைத் தராமல் மூங்கில் கழியைத்தான் கொடுக்கிறார். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். வேறு இடம் பார்க்கலாமா?
- வாசகர், நீடாமங்கலம்

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் வயதில் எனக்கும் இதே திமிர் இருந்தது. கும்பகோணத்தில் வாத்தியாரிடம் சேர்ந்த முதல் வாரமே, அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து 60 கிலோவை மாட்டினேன். கம்பி உடம்பை விட்டு விலகி முன்னால் போனது. அதன் பின்னாலேயே நானும் போனேன். வலது மணிக்கட்டு வீங்கி, ஒரு மாதம் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டேன்.

மூட்டையை இரண்டு பேர் ஏற்றிவிட, முதுகில் வாங்கிக்கொண்டு நடக்கிறீர்கள். கம்பியையோ தரையிலிருந்து தலைக்கு மேல் நீங்கள் ஒருவராகவே கொண்டுபோக வேண்டும். அதைக் கை தூக்குவதில்லை. கால்கள் தரையை மிதித்துத் தள்ளுகின்றன. முழங்காலைத் தாண்டும் வரை நிதானம். பிறகு இடுப்பு வெடுக்கென்று நிமிர, கம்பி ஒரு கணம் எடையே இல்லாததுபோல் மிதக்கும். அந்தக் கணத்தில் அதன் அடியில் குந்திவிட வேண்டும். கம்பி மேலே போவது பாதி, நாம் கீழே போவது பாதி! முழங்கை முன்கூட்டியே மடங்கினால் காலின் பலம் கம்பிக்குப் போய்ச் சேராது. மூட்டை பழகிய கை மடங்கத்தான் பார்க்கும். அது உங்களுக்குத் தெரியாது. பக்கவாட்டில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும்.

எடை மாட்டாத கம்பியே ஆண்களுக்கு 20 கிலோ. கழியில் இருக்கும் பிழை அப்படியே அதற்கும் போகும். கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் பூட்டிப் பிடிக்கச் சொல்லியிருப்பாரே? வலிக்கும், பழகிவிடும். மூட்டை சுமந்த நாள்களை மட்டும் அவரிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி: 14 வயது மகள் பளுதூக்கக் கேட்கிறாள். உயரம் குறையுமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: சரியான மேற்பார்வையில் பழகினால் குறையாது அம்மா. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது, தோளில் நிறுத்திப் பிறகு தூக்குவது என்ற இரண்டு முறைகளிலும் சேர்த்து 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். சேர்ப்பதற்கு முன் பயிற்சியாளரிடம் ஒன்று கேளுங்கள்: தூக்க முடியாமல் போனால் கம்பியை எப்படிக் கீழே விடுவது என்று முதலில் சொல்லித்தருவீர்களா? அவர் விழித்தால், மகளைக் கையோடு வீட்டுக்கு அழைத்துவந்துவிடுங்கள்.