பதில்: உமிப் புகையிலிருந்து எத்தனால் எடுக்க முடியுமா?

காரைக்குடி பக்கம் அரிசி ஆலை, உமி பாய்லர் புகையைப் பாக்டீரியாவுக்குக் கொடுத்து எத்தனால் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் அளவுக்குக் கட்டாதுங்க. சீனாவில் 2018இல் தொடங்கிய லான்சாடெக் நிறுவன எத்தனால் ஆலையில் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா தின்பது உருக்காலையின் கார்பன் மோனாக்சைடை. அதில் இன்னும் சக்தி இருக்கிறது. உங்கள் புகையில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு, எரிந்து முடிந்த சக்கை. அதைத் தின்ன வைக்க ஹைட்ரஜனும் தர வேண்டும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜன் வேறு அந்தப் பாக்டீரியாவுக்கு ஆகாது.

சின்னதாக ஸ்பைருலினா (சத்துணவாக விற்கும் நீலப்பச்சைப் பாசி) தொட்டி போட்டுப் பாருங்கள். அதுவும் பாக்டீரியாதான், கார்பன் டை ஆக்சைடைத் தின்ன ஹைட்ரஜன் வேண்டாம், வெயில் போதும். நம்மூரில் அதற்கா பஞ்சம்? ஆனால் புகையை நேரே விட்டால் சாம்பலும் கரியும் சேரும், சாப்பிட விற்க முடியாது.

அப்புறம், காரைக்குடியிலேயே சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது. மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிப்பதெல்லாம் அவர்கள் துறை. ஒரு நடை போய்க் கேளுங்கள்.