வசதி இருந்தால் செய்யக்கூடாதா?

கேள்வி: கல்யாணத்தைக் கோயிலில் முடித்து, நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டும் சாப்பாடு போட்டால் போதும் என்று என் மகள் அடம்பிடிக்கிறாள். இரண்டாயிரம் பேரைக் கூப்பிட்டு மண்டபத்தில் நடத்த எனக்கு வசதி இருக்கிறது, ஒரு ரூபாய் கடன் வாங்கப் போவதில்லை. எளிமை என்பது இல்லாதவன் தன்னைத் தேற்றிக்கொள்ளும் பேச்சுதானே? இருப்பவன் ஏன் குறைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: இல்லை ஐயா, நேர் எதிர். இரண்டே சட்டை வைத்திருப்பவனிடம் போய் எளிமையாக இரு என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அவனிடம் இருப்பது எளிமை இல்லை, வறுமை. எளிமை என்ற பேச்சே உங்களைப் போல வசதி உள்ளவர்களிடம்தான் எடுபட வேண்டும்.

இருப்பவன் ஏன் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற இதே கேள்வி வேறு மாதிரி ஒருவர் முன்னால் வந்து நின்றிருக்கிறது. 1921 செப்டம்பரில் காந்தி சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வருகிறார். அந்நியத் துணியை விடுங்கள், கதர் கட்டுங்கள் என்று கூட வந்த பயணிகளிடம் சொல்கிறார். கதர் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்போது அவர் உடம்பில் குல்லா, சட்டை, முழு வேட்டி எல்லாம் இருந்தது. வெளியே வயல்காட்டில் நிற்பவன் இடுப்பில் கோவணம் மட்டும். இவ்வளவையும் உடுத்திக்கொண்டு அவனுக்கு என்ன புத்தி சொல்வது?

உடையைக் குறைக்கலாமா என்ற யோசனை அதற்கு முன்பும் அவருக்கு வந்து, துணியாமல் தள்ளிப்போட்டதுதான். இந்தத் தடவை தள்ளவில்லை. மதுரை மேலமாசி வீதியில் அவர் தங்கிய வீடு இன்னும் இருக்கிறது, அங்கே இப்போது கதர்க் கடை. செப்டம்பர் 22 காலையில் அந்த வீட்டிலிருந்து முழங்கால் வரை ஒரு துண்டு வேட்டியோடு வெளியே வந்தார். உடன் இருந்தவர்களுக்கு இதில் சம்மதமே இல்லை, ஜனங்களுக்குப் புரியாது, சிலர் பைத்தியம் என்றுகூட நினைப்பார்கள் என்று தடுத்துப் பார்த்தார்கள். நீங்கள் இப்போது வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிற 'ஊர் என்ன சொல்லும்' அதுதான். முதலில் அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் அறிவித்தார். அப்புறம் சாகும்வரை சட்டை போடவில்லை, 1931இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் அதே துண்டு வேட்டிதான்.

அவருக்குச் சட்டை வாங்கக் காசில்லாமல் இல்லை. அவர் குறைத்துக்கொண்டது மற்றவனுக்காக.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். நீங்கள் கடன் வாங்க மாட்டீர்கள், சரி. உங்கள் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போகிற உங்கள் தம்பி வாங்குவார். எதிர்வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிறவர் வாங்குவார். பெரியவர் வீட்டில் இத்தனை பவுன் போட்டார்கள், இத்தனை தட்டு சீர் வைத்தார்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு எழும்போது அந்த மனிதர் மனைவியின் தாலிக்கொடி வரைக்கும் அடகுக் கடைக்குக் கொண்டுபோவார், மூன்று வருஷம் வட்டி கட்டி முடிப்பதற்குள் வளைகாப்பும் காதுகுத்தும் வந்து நிற்கும். எனக்குத் தெரிந்த குடும்பங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கறாராக எழுதுகிறேன். தெருவில் 'அளவு' என்ன என்பதை முடிவு செய்கிறவர் நீங்கள்தான். இல்லாதவர் குறைத்தால் பாவம், முடியவில்லை என்பார்கள். உங்களைப் போன்ற ஒருவர் குறைத்தால்தான் நாலு பேர் தைரியமாகக் குறைப்பார்கள்.

சாப்பாட்டில் கை வைக்கச் சொல்லவில்லை. வருகிறவர்களுக்கு வயிறாரப் போடுங்கள், இரண்டாவது தடவை சாதம் கேட்பவருக்கு முகம் சுளிக்காமல் போடுங்கள், அது நம் வழக்கம், அது வேண்டும். ஆனால் முப்பது வகையை இலையில் அடுக்கி, பாதியை அப்படியே மூடி எழுந்து போவது விருந்தே இல்லை. நகையையும் சீர்த் தட்டையும் சபையில் பரப்பி வீடியோ எடுப்பதை முதலில் நிறுத்துங்கள், மகளுக்குக் கொடுப்பதை வீட்டுக்குள் கொடுங்கள்.

மற்றதெல்லாம் உங்கள் மகளைக் கேளுங்கள். இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிற பெண், யார் யாரைக் கூப்பிடுவது என்பது வரைக்கும் யோசித்து வைத்திருப்பாள்.