ஃபுளோரிடாவில் மாதச் சந்தா முறையில் கிளினிக் தொடங்க என்ன விதிகள்?

காப்பீட்டு நிறுவனத்துக்குப் பில் அனுப்பாமல், நோயாளியிடமே மாதச் சந்தா வாங்கி நடத்துவது நேரடி முதன்மை மருத்துவம். முன்பணம் வாங்குவதால் 'இதுவும் காப்பீடுதானே?' என்ற கேள்வி எழும். காப்பீடு அல்ல என்று 2018-இல் வந்த சட்டம் (பிரிவு 624.27) சொல்லிவிட்டது, காப்பீட்டு உரிமம் தேவையில்லை.

ஆனால் அந்தப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். கட்டணம், அதற்குள் அடங்கும் சேவைகள், காலம், 30 நாள் எழுத்து முன்னறிவிப்பில் விலகும் உரிமை, மருத்துவர் சேவையை நிறுத்தினால் முன்பணத்தைத் திருப்பித் தருவது எல்லாம் வேண்டும். 'இது மருத்துவக் காப்பீடு அல்ல' என்ற வாசகம் மாறுபட்ட நிறத்தில், குறைந்தது 12 புள்ளி எழுத்தில் வர வேண்டும். வேறு மாநில மாதிரிப் படிவத்தை நகலெடுத்தால் இங்கேதான் தவறு நேரும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மெடிகேர் (முக்கியமாக 65 வயது ஆனவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) தனி விஷயம். அது மத்திய அரசின் விதி. மெடிகேரிலிருந்து விலகுவதாக உறுதிமொழிப் பத்திரத்தை (விலகல் பிரமாணம்) முறைப்படி தாக்கல் செய்யாமல், மெடிகேர் ஏற்கும் சேவைகளுக்கு முதியவர்களிடம் சந்தா வாங்கினால் சிக்கல். ஏற்கெனவே மெடிகேரில் பங்கேற்பு மருத்துவராக (மெடிகேர் நிர்ணயிக்கும் கட்டணத்தையே ஏற்பதாக ஒப்பந்தம் போட்டவராக) இருப்பவர் காலாண்டு தொடங்க 30 நாளாவது முன்பே தாக்கல் செய்ய வேண்டும். விலகினால் இரண்டு ஆண்டு கட்டுப்படுத்தும். மெடிகேர் நோயாளிகள் ஒவ்வொருவரோடும் தனி ஒப்பந்தமும் போடுங்கள்.