சீட் கவுல் மாட்டலாம் வாங்க: கேள்விகளும் பதில்களும்

பைக்கின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கூம்பலாக ஒரு மூடியை மாட்டுகிறோமே, அதுதான் சீட் கவுல். கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் என் பட்டறைக்கு வந்து கேட்டவர்கள், போனில் கேட்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

சூலூர்: ஏனுங்கண்ணா, ஆன்லைனில் கவுல் வாங்கினேன். மூன்று போல்ட் சரியாக விழுகிறது. நாலாவது ஓட்டை மட்டும் நாலைந்து மில்லி தள்ளி நிற்கிறது. இழுத்துப் பிடித்து முறுக்கிவிடட்டுமா?

வேண்டாம் தம்பி. இன்றைக்கு உட்கார்ந்துவிடும், ஒரு மாசம் கழித்து அந்த மூலையில்தான் விரிசல் விடும். முதலில் மூன்று போல்ட்டையும் கழற்றுங்கள். கவுலின் முன்னால் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதை அதற்கான பள்ளத்தில் சொருகிவிட்டு, போல்ட்டே இல்லாமல் சும்மா உட்கார வையுங்கள். இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பின்னால் நின்று பாருங்கள். சரியாக இருந்தால் நாலு போல்ட்டையும் கையாலேயே இரண்டு மூன்று சுற்று ஏற்றி, அப்புறம் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும். முதல் போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டுக் கடைசி ஓட்டையைத் தேடினால் அது எங்கே கிடைக்கும்?

அப்படியும் இரண்டு மில்லி வித்தியாசம் இருந்தால் ஓட்டையை உருட்டு அரத்தால் நீள்வட்டமாக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பிராக்கெட்டைத்தான் நகர்த்த வேண்டும், கவுலை வளைக்கக் கூடாது. வண்டி எப்போதாவது பின்பக்கமாக விழுந்ததா என்றும் யோசித்துப் பாருங்கள். பின் பிரேம் லேசாக வளைந்திருந்தால் எந்தக் கவுலும் நேராக உட்காராது.

இன்னொன்று. ஆறு மில்லி போல்ட்டுக்கு ஆறு மில்லி ஓட்டை போடாதீர்கள். பெரிதாகப் போட்டு, ஓட்டையின் விளிம்பில் ரப்பர் குரோமெட், அதாவது ரப்பர் வளையம் வைத்து, அதற்குள் புஷ் என்கிற சின்ன இரும்புக் குழாய்த் துண்டை விடுங்கள். போல்ட் புஷ்ஷின் மேல் இறுகும், பிளாஸ்டிக்கின் கழுத்தை நெரிக்காது. வெயிலில் பிளாஸ்டிக் விரிவதற்கும் இடம் கிடைக்கும். புஷ் கடையில் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து வாங்குங்கள். நம்ம ஊரில் லேத்துக்கா பஞ்சம்?

பல்லடம்: மெதுவாகத்தான் முறுக்கினேன், வாஷரும் போட்டிருக்கிறேன். ஆனாலும் போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டிருக்கிறது. ஏன் அண்ணா?

போல்ட் கழலாமல் இருக்க லாக்டைட் விட்டீர்களா? அந்த மாதிரி திரவம் வழிந்து ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் பட்டால், இறுக்கத்தில் இருக்கும் இடத்தில் மயிரிழை விரிசல் விடும். இரும்புக்குள் இரும்பு போகும் இடத்துக்குத்தான் அது லாயக்கு. கவுலுக்கு நைலான் பூண் வைத்த நட்டு போதும். பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைத்தாலும் இதே கதிதான்.

திருப்பூர்: பனியன் கட்டு வைத்துக்கொண்டு போகிற வண்டிக்குக் கவுல் தாங்குமா?

தாங்காது. பின்சீட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி: வால்பாறை மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கினால் தகர டப்பா மாதிரி சத்தம். நிறுத்தி ஆட்டிப் பார்த்தால் எதுவும் ஆடுவதில்லை.

நிற்கும் வண்டியில் இதைக் கண்டுபிடிக்க முடியாதுங்க. எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும்போதுதான் அந்த மெல்லிய தகடு அதிரும். ஒருவரை ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் கவுலை ஒவ்வோர் இடமாக உள்ளங்கையால் அமுக்கிப் பாருங்கள். எங்கே அமுக்கினால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. அப்புறம் கழற்றி, கீழே பிரேம், மட்கார்டு விளிம்புகளில் சாக்பீஸ் தூளைத் தடவி, கவுலை ஒருமுறை வைத்து எடுங்கள். உள்பக்கம் வெள்ளையாக ஒட்டியிருக்கும் இடங்களெல்லாம் முட்டுகிற இடங்கள். அங்கே பசை வைத்த ஃபோம் டேப்போ பழைய சைக்கிள் டியூப் துண்டோ ஒட்டினால் போதும். உள்ளே முழுக்கப் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்தார் ஒருவர். மழைத் தண்ணீரை உறிஞ்சி மாசக்கணக்கில் ஈரமாகவே கிடந்திருக்கிறது.

ஈரோடு: கவுல் மாட்டியதிலிருந்து பிரேக் பிடித்தால் பியூஸ் போகிறது.

டெயில் லேம்ப்புக்குப் போகும் ஒயர் கவுலுக்கும் பிரேமுக்கும் நடுவே நசுங்கியிருக்கும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் போகிறது என்றால் பிரேக் லைட் ஒயரின் தோல் உரிந்து பாடியில் படுகிறது என்று அர்த்தம். தயவுசெய்து பெரிய பியூஸாகப் போடாதீர்கள், ஒயர் எரியும். உரிந்த இடத்தைச் சரிசெய்து, ஸ்லீவ் போட்டு, பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள். போல்ட்டை முறுக்குவதற்கு முன்னால் இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கரூர்: விரிசல் விட்ட கவுலை ஒட்டலாமா?

உங்கள் ஊரில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே! பஸ் பாடி கட்டுகிற இடத்தில் ஃபைபர் வேலை தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஆனால் கவுல் ஃபைபரா ஏபிஎஸ்ஸா என்று முதலில் பாருங்கள். உள்பக்கம் நார் நாராகத் தெரிந்தால் ஃபைபர். விரிசல் முடிகிற முனையில் மூன்று மில்லி ஓட்டை போட்டால் அது மேலே ஓடாது. பிறகு உள்பக்கம் சுரண்டி, கண்ணாடி நார் மேட் வைத்து ரெசின் பூசலாம். உள்ளே வழவழவென்று இருந்தால் பெரும்பாலும் ஏபிஎஸ். பாலியஸ்டர் ரெசின் அதில் சரியாகப் பிடிக்காது, பிளாஸ்டிக் வெல்டிங்தான் வழி.

கோபி: வீட்டுக்காரர் கவுல் மாட்டிவிட்டார். பண்ணாரி கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் "அது மேலேயே உட்கார்ந்துக்கோ" என்கிறார். உட்காரலாமுங்களா?

உட்காராதீங்க அம்மணி. அது வெறும் மூடி. உள்ளே தாங்குவதற்கு எதுவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 128ஆம் பிரிவின்படி பின்னால் உட்காருபவருக்கு முறையாகப் பொருத்திய சீட் இருக்க வேண்டும். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி கைப்பிடி, கால்வைக்கும் இடம், துணி சக்கரத்தில் சிக்காமல் பாதிச் சக்கரத்தையாவது மறைக்கும் தடுப்பு எல்லாம் வேண்டும் என்கிறது. கவுலுக்காக அவர் சேலை கார்டையும் கழற்றியிருந்தால், முதலில் அதை மாட்டச் சொல்லுங்கள். சாவி போட்டுக் கழற்றும் கவுலாக இருந்தால் கோயிலுக்குப் போகிற அன்றைக்குப் பின்சீட்டை மாட்ட இரண்டு நிமிஷம்கூட ஆகாது. சோம்பேறித்தனம்தான், வேறொன்றுமில்லை.

சத்தியமங்கலம்: கவுல் குட்டையாகத் தெரிய, பின் பிரேமின் வளைவை வெட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

வேறு மெக்கானிக்கைப் பாருங்கள். பின்பக்கக் கனமும் மட்கார்டும் அந்த வளைவில்தான் நிற்கின்றன. அழகுக்காக எலும்பை வெட்டுவார்களா?

மேட்டுப்பாளையம்: பழைய சிவப்பு வண்டி. கவுலை அதே கலரில் அடிக்கச் சொன்னால் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

கலர் கோடு கொடுத்து அடித்தால் புது வண்டியின் சிவப்புதான் வரும். உங்கள் டேங்க் வெயிலில் வெளுத்திருக்கும். சைடு பேனலைக் கழற்றி எடுத்துப்போய், அதைப் பார்த்துக் கலக்கச் சொல்லுங்கள். ஏபிஎஸ்ஸாக இருந்தால் பிளாஸ்டிக்குக்கான பிரைமர் இல்லாமல் அடிக்கவே விடாதீர்கள், உரிந்துவிடும். இல்லையென்றால் மேட் கறுப்பு அடித்துவிடுங்கள். எந்தச் சிவப்போடும் சண்டை போடாது, எனக்கும் அதுதான் பிடிக்கும்.

அவிநாசி: சாவியைத் திருப்பினால் திரும்புகிறது, கவுல் மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பட்டுமா?

நெம்பினால் விளிம்பு உடையும். கவுலின் பின்பக்கத்தை ஒரு கையால் நன்றாகக் கீழே அமுக்கிக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். பூட்டுக் கொக்கியின் மேல் இருக்கும் இழுவை குறைந்ததும் டக்கென்று விட்டுவிடும். விட்டதும், கவுலின் அடியில் அந்தக் கொக்கி பிடிக்கும் பின்னைத் தாங்கும் நட்டைப் பத்து நம்பர் ஸ்பேனரால் தளர்த்தி, பின்னைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி இறுக்குங்கள். அடுத்த தடவை அமுக்காமலே திறக்கும்.