பழைய ஆட்டோமேட்டிக் வண்டிக்கு கியர் ஆயில் மாத்தலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வணக்கம் சார். செகண்ட் ஹேண்ட்ல 2011 ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக் வாங்கியிருக்கேன், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, நான் மூணாவது ஓனர். சர்வீஸ் புக் இல்ல, கியர் ஆயில் எப்பவாச்சும் மாத்தியிருக்காங்களான்னு வித்தவருக்கே தெரியல. எங்க ஏரியா மெக்கானிக் "இவ்ளோ நாள் மாத்தாம ஓடின வண்டி, இப்ப தொட்டா கியர்பாக்ஸ் போயிடும், அப்படியே விட்டுருங்க"ங்கறாரு. இன்னொருத்தர் மெஷின் போட்டு ஃபுல் ஃப்ளஷ் பண்ணியே ஆகணும்ங்கறாரு. என்ன செய்யட்டும்?
– வாசகர், திருச்சி

பதில்: மாத்துங்க சார், ஆனா மெஷின் வேணாம். கீழ போல்ட்டை கழட்டி வடிச்சுட்டு மேல ஊத்தற பழைய முறையே போதும், அதை விட்டு விட்டு மூணு தடவை பண்ணுங்க.

முதல்ல உங்க மெக்கானிக் சொன்ன பயத்தை பத்தி சொல்லிடறேன், ஏன்னா ஊர் முழுக்க இந்த பயம் இருக்கு, இதனாலயே நல்ல கியர்பாக்ஸ் எத்தனையோ வீணா போகுது. பொதுவா என்ன நடக்குதுன்னா, வண்டி வாங்கினதுலேர்ந்து யாரும் ஆயிலை தொடறதில்ல, ஒரு நாள் வண்டி ஸ்லிப் ஆக ஆரம்பிக்குது, ரேஸ் ஏறுது வண்டி நகர மாட்டேங்குது, அப்பதான் போய் ஆயில் மாத்தறாங்க, ரெண்டு வாரத்துல கியர்பாக்ஸ் நின்னுடுது, பழி புது ஆயில் மேல விழுது. உள்ள இருக்கற கிளட்ச் பிளேட்டு ஏற்கனவே தேஞ்சு போனது, ஆயில் மாத்தலன்னாலும் அது நின்னுதான் இருக்கும். அதே சமயம் அவர் பயத்துல ஒரு நியாயமும் இருக்கு. ரொம்ப நாள் மாத்தாத கியர்பாக்ஸ்ல அடியில தங்கியிருக்கற அழுக்கை மெஷின் பிரஷர்ல கலக்கி விட்டா அது வால்வு பாடிக்குள்ள (கியர் மாத்தறதுக்கு ஆயிலை எங்க அனுப்பணும்னு திருப்பி விடற பாகம்) சின்ன சின்ன வழிகள்ல போய் அடைக்க வாய்ப்பு இருக்கு. அதனாலதான் மெஷின் வேணாம்னேன். வடிச்சு ஊத்தறதுல அந்த பிரஷரே கிடையாது.

மாத்தறதுக்கு முன்னாடி கியர் ஆயில் அளவு பாக்கற கம்பியை, அதான் டிப்ஸ்டிக்கை, இழுத்து வெள்ளை துணியிலயோ டிஷ்யூவுலயோ துடைச்சு பாருங்க. புது ஆயில் நல்ல சிவப்பா இருக்கும், 92,000 ஓடின வண்டியில பிரவுனா இருந்தா பயப்பட வேணாம், அது வயசு. கருப்பா இருந்து கருகின வாசனை அடிச்சா, கூடவே டி-யில போட்டதும் வண்டி லேட்டா பிடிச்சா, கிளட்ச் எரிஞ்சிருக்குன்னு அர்த்தம், அப்ப ஆயிலுக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி ஆட்டோமேட்டிக் தெரிஞ்ச ஆள்கிட்ட காட்டுங்க. ரோஸ் மில்க் மாதிரி கலங்கலா இருந்தா வண்டியை ஸ்டார்ட்டே பண்ணாதீங்க. கியர் ஆயிலை குளிர்விக்கற குழாய் ரேடியேட்டருக்குள்ளயே போற வண்டிகள்ல, அது உள்ள ஓட்டையாகி கூலன்ட் கியர்பாக்ஸுக்குள்ள வந்திருக்கும். கூலன்ட் பட்டா கிளட்ச் பிளேட்ல இருக்கற லைனிங் ஊறி உரிய ஆரம்பிச்சிடும்.

உங்க மாடல்ல இருக்கறது அஞ்சு கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக், அதாவது இன்ஜின் சுத்தறதை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்கு கடத்தற வகை. அதுக்கு முன்னாடி வந்த சிட்டி இசட்எக்ஸ் ஆட்டோமேட்டிக்கும் சரி, 2014-ல வந்த சிட்டி ஆட்டோமேட்டிக்கும் சரி, ரெண்டுமே சிவிடி, அதாவது கியருக்கு பதிலா கப்பியும் பெல்ட்டும் இருக்கற வகை, அதுங்க ஆயில் வேற. கடையில "சிட்டி ஆட்டோமேட்டிக் ஆயில்"னு மட்டும் கேட்டா எதை குடுப்பாங்கன்னு சொல்ல முடியாது, வருஷம் சொல்லி கேளுங்க. உங்களுக்கு வேண்டியது ஹோண்டா ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) டிடபிள்யூ-1. பழைய மேனுவல்ல இசட்-1னு போட்டிருந்தாலும் அதுக்கு பதிலா ஹோண்டாவே கொண்டு வந்ததுதான் டிடபிள்யூ-1, உள்ள இருக்கற பழைய இசட்-1 கூட கலந்தாலும் பிரச்சனை இல்ல. "எல்லா வண்டிக்கும் செட் ஆகும்"னு எழுதின டப்பா வேணாம் சார், ஹோண்டா கியர்பாக்ஸ் உராய்வு விஷயத்துல ரொம்ப சென்சிட்டிவ், தப்பான ஆயில் ஊத்தினா கியர் மாறும்போது உதறும்.

இப்ப வேலை. வண்டியை கொஞ்சம் ஓட்டி ஆயிலை சூடாக்கிட்டு சமமான இடத்துல நிறுத்துங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க, ஸ்டாண்டு வைங்க இல்ல லிஃப்ட் இருக்கற ஷெட்டுக்கு போங்க. ஹோண்டாவுல இன்ஜின் ஆயில் போல்ட்டும் கியர்பாக்ஸ் போல்ட்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், இன்ஜின் ஆயில் மாத்தறேன்னு கியர் ஆயிலை வடிச்சுட்டு இன்ஜின்ல இன்னும் நாலு லிட்டர் ஊத்தின கதை நிறைய நடக்குது, அதனால வேலை நடக்கும்போது பக்கத்துலயே நில்லுங்க. கியர்பாக்ஸ் போல்ட்டுல சதுரமா ஒரு குழி இருக்கும், 3/8 இன்ச் ராட்செட்டோட முனை சாக்கெட் இல்லாம நேரா அதுக்குள்ள உக்காரும், அதுதான் அடையாளம். போல்ட்டோட நுனியில ஒரு காந்தம் இருக்கும், அதுல மை மாதிரி கருப்பா மாவு ஒட்டியிருந்தா சாதாரணம், துடைச்சு போட்டுடலாம். நகத்துல எடுக்கற அளவுக்கு இரும்பு துண்டு இருந்தா உள்ள எதோ உடையுது. வாஷர் கண்டிப்பா புதுசு போடணும், சின்ன காசுதான், பழசை போட்டா கசியும். போல்ட்டை 49 நியூட்டன் மீட்டர் டைட் வச்சா போதும், கேசிங் அலுமினியம், ஓவரா முறுக்கினா த்ரெட் போயிடும்.

ஒரு தடவை வடிச்சா சுமார் 2.5 லிட்டர்தான் வரும், பாதிக்கு மேல டார்க் கன்வெர்ட்டர்லயும் வால்வு பாடியிலயும் நின்னுக்கும். அதனாலதான் மூணு தடவை. முதல் தடவை மாத்தி ஒரு சில நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க, வண்டி எப்படி போகுதுன்னு பாருங்க, நல்லா இருந்தா ரெண்டாவது, அப்புறம் மூணாவது. மூணாவது முடியும்போது உள்ள பழைய ஆயில் ஏறக்குறைய ஆறுல ஒரு பங்குதான் இருக்கும். மெதுவா மாறறதால கியர்பாக்ஸுக்கும் நல்லது, உங்களுக்கும் நடுவுல எங்கயாச்சும் சந்தேகம் வந்தா நிறுத்தி யோசிக்க நேரம் கிடைக்கும்.

வடிஞ்சதை அளந்து அதே அளவு ஊத்துங்க, அப்புறம் லெவல். இதுலதான் நிறைய ஷெட்ல கோட்டை விடறாங்க. ஹோண்டாவுக்கு இன்ஜின் நல்லா சூடாகி ரேடியேட்டர் ஃபேன் ஓடினதுக்கு அப்புறம், இன்ஜினை ஆஃப் பண்ணி 60-லேர்ந்து 90 செகண்டுக்குள்ள டிப்ஸ்டிக் பாக்கணும். வேற பல கம்பெனி வண்டிகள்ல இன்ஜின் ஓடும்போதே பாக்கணும், அந்த பழக்கத்துல இதையும் பாத்தா அளவு தப்பா காட்டும். கம்மியா இருந்தா பம்பு காத்தை இழுக்கும், ஜாஸ்தியா இருந்தா சுத்தற கியர் ஆயிலை அடிச்சு நுரையாக்கும், நுரைக்கு பிரஷர் நிக்காது, ரெண்டுலயும் வண்டி ஸ்லிப் ஆகும்.

கேள்வி: எங்க வீட்டுல 2016 செலேரியோ ஏஜிஎஸ் இருக்கு மேடம்/சார். சர்வீஸ்ல ஏடிஎஃப் மாத்தணும்னு எழுதி குடுத்தாங்க. மாத்தவா?
– வாசகி, கோவை

பதில்: உங்க வண்டியில ஏடிஎஃப் போடற கியர்பாக்ஸே இல்லம்மா. ஏஜிஎஸ்ங்கறது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதிக்கறதையும் கியர் மாத்தறதையும் நமக்கு பதிலா ஒரு ஹைட்ராலிக் கருவி செய்யுது. கியர்பாக்ஸுக்கு மேனுவல் கியர் ஆயில், அந்த கருவிக்கு தனியா ஒரு ஆயில், ரெண்டும் வேற வேற. என்ன ஆயில், என்ன நம்பர்னு பில்லுல எழுதி தர சொல்லுங்க, எழுதி தராத வரைக்கும் கையெழுத்து போடாதீங்க.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். என்னட்டை ஜப்பானில இருந்து வந்த டொயோட்டா விட்ஸ் சிவிடி ஒண்டு இருக்கு. கடையில சிவப்பு ஏடிஎஃப் விடலாம், ஒண்டும் செய்யாது எண்டினம். உண்மையோ?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தயவு செஞ்சு விடாதீங்க அண்ணே. சிவிடியில கியருக்கு பதிலா ரெண்டு கப்பி, நடுவுல ஒரு இரும்பு பெல்ட். அந்த பெல்ட் கப்பியில வழுக்காம பிடிக்கறதுக்குன்னே அந்த ஆயிலை செஞ்சிருக்காங்க, ஏடிஎஃப்ல அந்த பிடிப்பு இல்ல, பெல்ட் வழுக்கி கப்பியை கீறினா அதை திருப்பி சரி பண்ண முடியாது. விட்ஸ்ல வருஷத்தை பொறுத்து டொயோட்டா சிவிடி ஃப்ளூயிட் டிசி இல்லன்னா எஃப்ஈ வரும். உங்க சேஸிஸ் நம்பரை குடுத்து எதுன்னு உறுதி பண்ணிட்டு அதை மட்டும் வாங்குங்க.

கேள்வி: கம்பெனிலயே "லைஃப்டைம் ஆயில், மாத்த வேணாம்"னு சொல்ற வண்டிக்கு நாம ஏன் மாத்தணும்?
– வாசகர், சென்னை

பதில்: நல்ல கேள்வி சார். பிஎம்டபிள்யூ மாதிரி நிறைய வண்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செஞ்சு குடுக்கறது இசட்எஃப்ங்கற ஜெர்மன் கம்பெனி. வண்டி விக்கறவங்க லைஃப்டைம்னு சொன்னாலும், கியர்பாக்ஸை செஞ்ச இசட்எஃப்பே 80,000-லேர்ந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லன்னா 8 வருஷத்துல மாத்துங்கன்னுதான் சொல்லுது. நான் செஞ்சவன் பேச்சைத்தான் கேப்பேன். ஆயிலை கெடுக்கறது சூடு. வெயில் காலத்துல கிண்டிலேர்ந்து தாம்பரம் வரைக்கும் ஊர்ந்து போற வண்டியில டார்க் கன்வெர்ட்டர் பாதி நேரம் ஆயிலை அடிச்சு சூடு பண்ணிட்டேதான் இருக்கும், ஹைவேயில ஓடற வண்டிக்கு அந்த கஷ்டம் கிடையாது. நீங்க வண்டியை பத்து வருஷம் வச்சு ஓட்டற ஆளுன்னா 60,000-க்கு ஒரு தடவை மாத்திடுங்க.

கேள்வி: என் பழைய வண்டி ரெண்டுலேர்ந்து மூணு மாறும்போது ஸ்லிப் ஆகுது. ஆயில் மாத்தினா சரியாகுமா?
– வாசகர், மதுரை

பதில்: முதல்ல லெவல் பாருங்க. கம்மியா இருந்து அதனால ஸ்லிப்புன்னா, சரியான ஆயிலை நிரப்பினதும் சரியாகும், எங்க லீக்குன்னும் கண்டுபிடிச்சு அடைக்கணும், ஆயில் தானா குறையாது. லெவல் சரியா இருந்து, நிறமும் கருப்பா வாசனையும் கருகலா இருந்தா, ஆயில் மாத்தி சரியாகும்னு யார் சொன்னாலும் பணம் குடுக்காதீங்க தம்பி, தேஞ்ச கிளட்ச்சை எந்த ஆயிலும் வளக்காது. நிறம் நல்லா இருந்தா ஸ்கேனர் போட சொல்லுங்க, கரண்ட்ல வேலை செஞ்சு ஆயில் வழியை திறந்து மூடற சொலினாய்டு வால்வு ஒண்ணு மட்டும் மக்கர் பண்ணினாலும் இதே மாதிரி ஸ்லிப் வரும், அது கியர்பாக்ஸை இறக்கி ஓவர்ஹால் பண்றதை விட எவ்ளவோ சின்ன செலவு.