போன் இல்லாமல் ஒரு வாரம் இருக்க முடியுமா? நாம் அதற்கு அடிமையாகிவிட்டோமா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், வீட்டில் யாரோ "எப்பப் பார்த்தாலும் போனா?" என்று திட்டியிருக்கிறார்கள், அந்த ரோஷத்தில் ஒரு வாரம் அதை எடுத்து வைத்துவிடலாம் என்று யோசிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் பழியை முழுக்க நம் தலையில் கட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ராத்திரி தூக்கத்தை விட்டு வீடியோ தள்ளிக்கொண்டிருப்பது ஒரு பக்கம். அதைக் குறைக்க வேண்டியது நாம்தான், சரி. ஆனால் அதிலும் பாருங்கள், பக்கத்துக்கு முடிவே இல்லாமல் கீழே போய்க்கொண்டே இருக்கும் வசதியை 2006இல் வடிவமைத்தவர் ஆசா ராஸ்கின். பின்னாளில் அதற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகப் பேசினார். செய்தவருக்கே புரிந்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது இன்னொரு பக்கத்தை. கொஞ்ச காலம் முன்பு ஒரு காலையில் என் போன் ஆன் ஆகவில்லை. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. போர்டு போய்விட்டது என்றார்கள். அன்றைக்குத்தான் அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வர வேண்டும். மறுநாள் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் பதிவு செய்யும்போது என் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம்.

இரண்டு பேரும் மருத்துவமனைக்கு நேரில் போனோம். "ரிப்போர்ட் ஆப்ல வந்துருச்சு, நீங்களே பார்த்துக்கலாம்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். போன் வேலை செய்யவில்லை, அச்செடுத்துக் கொடுங்கள் என்றேன். அதற்குப் பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி வரும், அதைச் சொல்ல வேண்டுமாம். எந்தப் போன் செத்துக் கிடக்கிறதோ அதே போனுக்கு! அப்பா தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அதை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ரத்தம் என்னுது, பேர் என்னுது, ஆளும் இங்கேயே நிக்கிறேன். இன்னும் என்ன வேணும்?" என்று அப்பா கேட்டார். அவர் குரலை உயர்த்திப் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு உயர்த்தினார்.

சிம்மைக் கழற்றி வேறு போனில் போட வேண்டியதுதானே என்று யாராவது எழுதுவீர்கள். என்னுடையது இ-சிம், போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம். கழற்ற எதுவும் இல்லை. வேறு போனில் ஏற்ற ஒரு க்யூஆர் கோடு வேண்டும், அதை மின்னஞ்சலுக்கு அனுப்புகிறோம் என்றது வாடிக்கையாளர் சேவை. அண்ணன் வீட்டுக் கணினியில் மின்னஞ்சலைத் திறக்கப் பார்த்தால், புது இடத்திலிருந்து நுழைகிறீர்கள், உங்கள் போனில் வந்திருக்கும் அறிவிப்பில் 'ஆம்' என்று அழுத்துங்கள் என்கிறது. வங்கிக் கணக்கும் அப்படியே. எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி, அந்தச் சாவியும் பூட்டின வீட்டுக்குள்ளே.

கடைசியில் உள்ளேயிருந்து வந்த இன்னொரு ஊழியர் அட்டையைப் பார்த்தார், அப்பாவின் பிறந்த தேதியைக் கேட்டார், அச்செடுத்துக் கொடுத்துவிட்டார். சின்ன வேலை. இ-சிம்மும் அப்படித்தான், சிம் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு நேரில் போய் அடையாளம் காட்டிய பிறகே கிடைத்தது. இரண்டையும் முடித்துக் கொடுத்தது ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்திருந்ததுதான். அந்த நாற்காலிகளைத்தான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முன்பு வரிசையில் நின்று செய்த வேலையை ஆப்பில் மட்டும்தான் செய்யலாம் என்று ஆக்கிவிட்டு, அப்புறம் நம்மைப் பார்த்து "போனை விட மாட்டேங்கிறீங்க" என்றால் என்ன நியாயம்?

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. என் பிழைப்பே கணினியில்தான். ஓடிபி பாதுகாப்புக்காகத்தான் என்பதும் தெரியும். கடவுச்சொல் திருடு போனாலும் கணக்கு தப்பிக்கும். நான் கேட்பது இரண்டாவதாக ஒரு வழி, அவ்வளவுதான். பெரிய நிறுவனங்களுக்கே இந்தக் கதி வந்தது. 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. உள்ளே இருந்த கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் அவர்களுடைய பொறியாளர்களாலேயே சீக்கிரம் சரிசெய்ய முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அந்த நாட்களில் என்னை அதிகம் குடைந்தது வங்கியோ மருத்துவமனையோ இல்லை, அலுவலக வாட்ஸ்அப் குழு. ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்த செய்திக்கு நான் பதில் போடவில்லை என்று மேலதிகாரிக்கு வருத்தம். போன் செத்துவிட்டது என்று சொல்லியும் "வேற வழியில பார்த்திருக்கலாமே" என்றார். வேலை நேரத்துக்குப் பிறகு ஏன் பார்க்க வேண்டும்? பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 முதலும் இப்படிப் பார்க்காமல் இருக்கும் உரிமைக்கென்று சட்டமே இருக்கிறது. இரவு பத்து மணிக்குப் போனை எடுப்பவரை அடிமை என்று சொல்வதற்கு முன், அவரைக் கூப்பிட்டது யார் என்று பார்க்க வேண்டாமா?

சரி, உங்கள் ஒரு வாரத்துக்கு வருகிறேன். போனை அணைப்பதற்கு முன் மின்னஞ்சல் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் பேக்கப் கோடுகளை எடுத்துத் தாளில் அச்சடித்து வையுங்கள். கூகுள் கணக்கில் எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் தருவார்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை செல்லும். இடம் கொடுக்கும் கணக்குகளில் குறுஞ்செய்திக்குப் பதிலாக, நுழைவதற்கான குறியீட்டைத் தானே உருவாக்கித் தரும் அங்கீகாரச் செயலியை (authenticator app) இன்னொரு கருவியிலும் சேர்த்து வையுங்கள். அது நேரத்தையும் ஏற்கெனவே சேமித்த ஒரு ரகசிய எண்ணையும் வைத்துப் பெரும்பாலும் 30 நொடிக்கு ஒரு முறை குறியீட்டை மாற்றுகிறது, அதனால் சிம்மும் வேண்டாம், இணையமும் வேண்டாம். நெருங்கியவர்களின் எண்களைக் கையால் எழுதி வையுங்கள். மருத்துவமனையில் வீட்டுப் பெரியவர்களின் பெயரில் இரண்டாவது தொடர்பு எண் ஒன்றையும் கேட்டுப் பதியச் சொல்லுங்கள், முடியாது என்றால் ரிப்போர்ட்டைத் தாளில் தருவார்களா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.